எட்டாம் மாதத்தின் வக்கீல்

பிறந்து இரண்டு நாளே ஆன ஒருவரை அவர் திட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, மூச்சு வுடக்கூடவா ஞாபகப்படுத்தணும்? வேலையப் பாரு."

சொல்லிக்கொண்டே கண்ணாடிப் பெட்டியின் வட்டக் கதவுக்குள் கையை விட்டு, என் கட்டை விரல் நீளம்கூட இல்லாத ஒரு பாதத்தை மெல்லச் சுண்டினார். கூவிக்கொண்டிருந்த கருவி அடங்கியது. குழந்தையின் நெஞ்சு மறுபடி ஏறி இறங்கத் தொடங்கியது. அவர் அடுத்த பெட்டிக்குப் போய், அங்கே இருந்தவரையும் ஏதோ சொன்னார்.

மாதம் நிறையாமல் பிறக்கிற குழந்தைகளுக்கு நடுநடுவே மூச்சு விடுவது மறந்துபோகும் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். லேசாகத் தொட்டால், சுண்டினால், பெரும்பாலும் திரும்ப நினைவு வந்துவிடும். திட்டுவது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது அவர் சேர்த்துக்கொண்டது.

தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாம் மாடி அது. அந்த வருஷத்து டைரியில் நாற்பத்தேழு நாட்களின் பக்கங்களில் அவர்தான் அதிகம் வருகிறார். எங்கும் பெயர் இல்லை. சிஸ்டர் என்றுதான் எழுதியிருக்கிறேன். பெயர்ப் பட்டையின் மேல் அவர் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருப்பார். பேர் தெரிந்தால்தானே கம்ப்ளெயின்ட் எழுதுவீர்கள் என்பது அவர் சொன்ன காரணம். கம்ப்ளெயின்ட் நிறைய வந்திருக்கும். வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரை அவரிடம் வாக்குவாதத்தில் சிக்காதவர் யாரும் அங்கே இல்லை. நானும் அந்த பிளாஸ்டரைப் பிரிக்கப் போவதில்லை.

கோவளத்துக்காரர். அம்மா கடற்கரையில் மீன் விற்றவர். ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். கேளம்பாக்கத்தில் ஒன்று, வண்டலூரில் ஒன்று என்று பஸ் மாறி வருவார். ஏழு மணி ஷிப்டுக்கு ஆறு நாற்பதுக்கு வந்துவிடுவார். அலை சத்தத்துக்கு மேலே விலை சொல்லிப் பழகிய வீட்டுக் குரல். குழந்தைகள் தூங்குகிற அறையில் மட்டும் அந்தக் குரலை எப்படியோ பாதியாக மடித்து வைத்துக்கொள்வார்.

அவருடைய குணத்தை ஒரே சம்பவத்தில் சொல்வதென்றால் லிஃப்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை லிஃப்ட் கதவில் 'வேலை செய்யவில்லை' என்று அட்டை தொங்கியது. ஆபரேஷன் ஆன பெண்கள்கூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். நான்கு நாள் கழித்து, விடுப்பு முடிந்து வந்த அவர் அட்டையைப் படித்தார், பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் வந்தது. எப்போதோ சரிசெய்திருக்கிறார்கள், அட்டையை எடுக்க மறந்துவிட்டார்கள். நான்கு நாளாக அத்தனை பேரில் ஒருவரும் அழுத்திப் பார்க்கவில்லை. அவர் அட்டையைக் கழற்றி வாட்ச்மேன் கையில் கொடுத்து, இதை உன் கழுத்தில் மாட்டிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதியிருப்பதை அவர் நம்ப மாட்டார். அழுத்திப் பார்ப்பார்.

எங்கள் விஷயத்தில் தப்பான அட்டையை மாட்டியவன் நான்.

ஒரு திங்கட்கிழமை. என் மனைவி சேலையூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். காலையிலிருந்தே தலைவலி, கண் மங்கல். தாம்பரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால், ரத்த அழுத்தம் எகிறிவிட்டது, உடனே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்காவிட்டால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். நான் கிண்டியில் ஆபீசிலிருந்து வந்து சேர்ந்தபோது அவளை மயக்கத்துக்குத் தயார் செய்து உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வேறு இடத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் இருந்த ஃபைல் ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு பீரோவில் இருந்தது.

அவள் கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி எனக்குத் தெரியும். டைரியில் குறித்திருந்தேன். அந்தக் கணக்குப்படி அன்றைக்கு ஏழு மாதம் முடிந்து, எட்டு பிறந்து மூன்றாம் நாள். அவள் அம்மாவான என் அத்தைக்கும் இது தெரியும். சிக்கலே அதுதான். ஏழாம் மாசத்துக் குழந்தை தங்கும், எட்டாம் மாசத்துக் குழந்தை தங்காது என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. எங்கள் வீட்டிலும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அத்தை முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். அந்தக் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு.

படியேறும்போதே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, ஏழுன்னே சொல்லுங்க. எட்டுன்னு உங்க வாயால வர வேணாம். எழுதிட்டா எழுதினதுதான்."

கேஸ் ஷீட் வைத்திருந்த பெண் தேதி கேட்டபோது அத்தை ஒரு மாதம் தள்ளிச் சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "கரெக்டா சார்?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான் செய்தேன். டைரியில் ஒரு எழுத்தை அடித்துத் திருத்தினாலும் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஆனால் அந்தத் தேதி சொந்தக்காரர்களுக்கும் சாமிக்கும் போய்ச் சேருகிற ஒன்று என்றுதான் அப்போது நினைத்தேன். டாக்டர்கள் அதிலிருந்துதான் வாரக் கணக்கு போடுவார்கள், எவ்வளவு தூரம் போராடிப் பார்ப்பது என்பதற்கே அதுதான் முதல் வரி என்று எனக்கு உறைக்கவில்லை.

பெண் குழந்தை. எண்ணூற்று அறுபது கிராம். கேஸ் ஷீட்டின்படி இருபத்தாறு வாரம்.

குழந்தைகள் டாக்டர் இளைஞர், பொறுமையானவர். என்னையும் அத்தையையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். இந்த வாரத்துக்கு நுரையீரல் தயாராக இருக்காது. மூளைக்குள் ரத்தம் கசியலாம். கண், குடல், தொற்று, ஒவ்வொன்றையும் தாண்ட வேண்டும். பிழைப்பதற்கு இவ்வளவு சதவீதம் என்று ஓர் எண் சொன்னார். அந்த எண்ணை நான் அன்றும் எழுதவில்லை, இன்றும் எழுத மாட்டேன். சில குடும்பங்கள் மெஷின் வேண்டாம், கஷ்டப்படுத்தாமல் கதகதப்பாக வைத்திருந்தால் போதும் என்று முடிவெடுப்பதுண்டு. அப்படியானால் ஒரு கடிதத்தில் கையெழுத்து வேண்டும். கட்டாயம் எதுவும் இல்லை, ஆனால் சீக்கிரம் சொல்ல வேண்டும் என்றார்.

மனைவி இன்னும் கண் திறக்கவில்லை. ஏழுதானே சொன்னோம், பிறகு ஏன் இப்படி என்று அத்தை தனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். கடிதம் என் மடியில் இருந்தது. பேனாவின் மூடியைத் திறந்திருந்தேன். கையெழுத்துப் போட்டிருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. போட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான்.

அப்போது கதவு திறந்தது. முகக் கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு சிஸ்டர் வந்து நின்றார்.

"யாருப்பா அப்பா? இன்னா தேதி சொன்னே நீ?"

நான் அத்தை சொன்ன தேதியையே திரும்பச் சொன்னேன். அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. டாக்டர் பக்கம் திரும்பினார். இருபத்தாறு வாரத்தில் விழாத கோடு பாதத்தில் விழுந்திருக்கிறது, காதை மடக்கிவிட்டால் தானாகத் திரும்புகிறது, கண்ணைத் திறந்து தன்னை முறைக்கிறது என்று சொன்னார். எடைதான் குறைவு, அம்மாவுக்குப் பிரஷர், வயிற்றுக்குள் பட்டினி கிடந்திருக்கிறது, வயது குறைவு இல்லை என்றார்.

டாக்டர் கேஸ் ஷீட்டை எடுத்து, இருபத்தாறு என்றுதானே போட்டிருக்கிறது என்று காட்டினார்.

"சீட்டு இன்னா, உள்ள படுத்துகினு கீதா சார்? குழந்தை படுத்துகினு கீது. அத்தப் போயி பாருங்க."

அந்த டாக்டரை இன்றும் மதிக்கிறேன். சுருக்கென்றுதான் இருந்திருக்கும். ஆனாலும் எழுந்து உள்ளே போனார்.

அவர் போனதும் சிஸ்டர் என் எதிரே குனிந்து, அந்தப் பெரிய குரலை மடித்து வைத்துக்கொண்டு கேட்டார். "நான் போலீசு இல்ல. உண்மையச் சொல்லு. ஒரு மாசத்த முழுங்கிட்டியா?"

சரியான தேதியைச் சொன்னேன். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டர் வெளியே வந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. என்னை இன்னொரு முறை தேதியைச் சொல்லச் சொன்னார், சரியானதைச் சொன்னேன். "அப்படின்னா நாம இவ்வளவு நேரம் பேசினது வேற குழந்தையைப் பத்தி," என்றார். என் மடியிலிருந்த கடிதத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்ப உள்ளே ஓடினார். சிஸ்டர் என்னை ஃபைலுக்கு விரட்டினார். பெருங்களத்தூர், வண்டலூர் நெரிசலில் பைக்கை ஓட்டிப் போய்த் திரும்ப ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. வந்து பார்த்தபோது மகளின் மூக்கில் குழாய் வைத்துக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கி, விரல்விட்டு எண்ணி, முப்பது வாரம் ஐந்து நாள் என்றார். டாக்டரிடம் காட்டி, பழைய எண்ணை அடித்து எழுதவைத்தார்.

எட்டாம் மாசம் தங்காதே சிஸ்டர் என்று அத்தை அழ ஆரம்பித்தார்.

"நானே எட்டாம் மாசம் பொறந்தவதான்மா. கோவளத்துல வந்து கேளு. பாத்தா செத்தவ மாரியா கீது?"

அத்தையின் அழுகை அந்த இடத்தில் நின்றுவிட்டது. பிறகு நான்கைந்து நாள், சிஸ்டர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அத்தை அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்ப்பார். எட்டாம் மாதத்துக்குக் கை கால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருக்கும்.

நடந்ததை மூன்றாம் நாள் மனைவியிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. குறித்து வைத்திருக்கிறேன்.

குறித்து வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. அடுத்த வாரம், ஏழு மாதத்தில் பிரசவமான ஒரு பெண்ணிடம், தானும் ஏழு மாதத்தில் பிறந்தவள்தான் என்று சிஸ்டர் சொல்வது என் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை, இரட்டைக் குழந்தைக்காரர்களிடம் தான் இரட்டையில் ஒருத்தி என்றார். மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, பொறுக்காமல் அவரிடமே கேட்டேன், உண்மையில் நீங்கள் எந்த மாசம் என்று.

"உனக்கு எந்த மாசம் வோணும்?" என்றார்.

நானும் தேதியில் பொய் சொன்னவன்தான். ஆனால் அவர் பொய்யும் என் பொய்யும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் பொய் குழந்தையின் பக்கம் ஆள் சேர்த்தது.

அந்த நாட்களில் நான் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எந்த வாரத்துக்கு என்ன, எந்த எடைக்கு என்ன என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். காலையில் சிஸ்டரைப் பார்த்ததும் முதல் கேள்வி, இன்றைக்குச் சான்ஸ் எவ்வளவு என்பதுதான். நான்கைந்து நாள் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"நூத்துல இத்தினினு போட்டுக்கீற. இங்க நூறு பேரு இல்ல. பதினோரு பேருதான் கீறாங்கோ. அதுல ஒண்ணுதான் உன்னுது. அத்தப் பத்தி கேளு, சொல்றேன்."

பிறகு சொல்லவும் செய்தார். இரவில் மூன்று முறைதான் மூச்சை மறந்தாள். குழாய் வழியாக விட்ட பாலில் இரண்டு மில்லி கூடுதலாகத் தாங்கினாள். ஊசி போட வந்தவளை உதைத்தாள். நான் கட்டங்களை விட்டுவிட்டு இவற்றை எழுத ஆரம்பித்தேன். அன்றிலிருந்து என் கையெழுத்துகூடக் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

அப்பாக்களை அவர் விடுவதில்லை. வெளியே நின்று கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பவர்களை உள்ளே இழுத்துவந்து, சட்டைப் பித்தானைக் கழற்றச் சொல்லி, வெறும் நெஞ்சில் குழந்தையை ஒட்டிவைத்துத் துணியால் கட்டிவிடுவார். கங்காரு மாதிரி வைத்திருப்பது என்று அதற்குப் பெயர். நர்சுகள் நடமாடுகிற இடத்தில் சட்டையைத் திறக்க என்னைப் போன்றவர்கள் நெளிவோம். "வண்டலூர் ஜூவுல கங்காரு கீதோ இல்லியோ, தாம்பரத்துல கீது. ஆடாம குந்து," என்பார். முதல் தடவை ஐம்பது நிமிஷம் உட்கார்ந்தேன். மகளின் மூச்சு என் நெஞ்சு முடியில் பட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிடக் கூடாதே என்று நானும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கும் திட்டு விழுந்தது. அப்பாவே இப்படி மறந்தால் பிள்ளை யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்றார்.

அவர் எல்லாச் சண்டையிலும் ஜெயித்தார் என்று எழுதினால் அது இன்னொரு தப்பான தேதி ஆகிவிடும்.

பக்கத்துப் பெட்டியில் ஒரு பையன் இருந்தான். உண்மையாகவே இருபத்தைந்து வாரம். ஸ்கேன், சீட்டு, பாதம் எல்லாம் ஒரே கணக்கைத்தான் சொல்லின. சிஸ்டர் மூன்றையும் சரிபார்த்துவிட்டு, அப்படியும் விடவில்லை. ஷிப்ட் முடிந்தும் பஸ்ஸுக்குப் போகாமல் அவன் பக்கத்தில் நின்ற நாட்கள் உண்டு. ஒன்பதாம் நாள் முற்பகல் அவன் போய்விட்டான். வெளியே அவர்களுடைய உறவுக்காரர் ஒருவர், இதெல்லாம் பிள்ளைக் கணக்கில் வராது, ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப் போகாமல் இப்படியே முடித்துவிடலாம் என்று பையனின் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. துக்கத்தைச் சின்னதாக்கிக் கொடுத்தால் தூக்கிக்கொண்டு போவது சுலபம் என்று நினைத்திருப்பார்.

சிஸ்டர் பையனைக் குளிப்பாட்டி, குல்லாய் போட்டு, மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துவந்தார். அப்பாவின் கையில் கொடுத்து, தலையைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னார். பிறகு உறவுக்காரரைப் பார்த்தார்.

"ஒம்போது நாள் இருந்தான். ஒம்போது நாளும் சண்டை போட்டான். கணக்குல இல்லன்னு சொல்லாத. நான் பாத்துகினு இருந்தேன்."

என் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் எழுதுவாயே, இதையும் எழுது என்றார். எழுதினேன். ஆண், ஒன்பது நாள், அறுநூற்று நாற்பது கிராம், நெற்றியில் சுருள் முடி.

அன்று பிற்பகல் என் மகளுக்கு வழக்கத்தைவிட அதிகமாகத் திட்டு விழுந்தது.

நாற்பத்தேழாம் நாள் எங்கள் மகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு கிலோ எழுநூற்று இருபது. சொந்தக்காரர்கள் பார்க்க வந்தபோது, ஏழாம் மாசத்துக் குழந்தை, அதுதான் தங்கிவிட்டது என்று அத்தை சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் திருத்தவில்லை. இனி யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்துவிட்டேன்.

பதினான்கு மாதம் கழித்து, வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு புதன்கிழமை பகல். இரண்டாம் மாடி வராந்தாவில் சிஸ்டர் எதிரே வந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. என் மனைவி தோளிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு நேராக அந்தப் பெஞ்சுக்குப் போனார். கம்பெனி யூனிஃபார்மில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தாள், கையில் பேனா. பக்கத்தில் இருந்த வயதான அம்மாள், எட்டாம் மாசம்டா, தங்காதுடா, ஏன் உயிரோடு இம்சைப்படுத்துற என்று அழுதுகொண்டிருந்தார்.

சிஸ்டர் என் மகளை அந்தத் தாளின் மேலேயே உட்காரவைத்தார்.

"கையெழுத்து போடறது உன் இஷ்டம். டாக்டரு சொன்னதுல பொய் இல்ல, உன் புள்ளைக்குக் கஷ்டந்தான். ஆனா மாசத்த வெச்சி முடிவு பண்ணாத. இதுக்கும் ஒரு ஆளு இதே பெஞ்சுல பேனாவ தெறந்துகினு குந்தினு இருந்தான். தோ, நிக்கறான் பாரு."

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி சுவரைப் பார்த்தாள்.

அந்த இளைஞர் என் மகளின் முதுகைக் கையால் தாங்கியபடியே கேட்டார். "சார், பாப்பா எத்தனாவது மாசம்?"

அந்தக் கேள்விக்கு டாக்டரையும் சிஸ்டரையும் தவிர வெளியாள் யாருக்கும் நான் உண்மை சொன்னதில்லை. "எட்டாம் மாசம்," என்றேன்.

"கேக்கல," என்றார் சிஸ்டர்.

"எட்டாம் மாசம்," என்றேன். இந்தத் தடவை அந்த வயதான அம்மாள் அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். என் மனைவியும் திரும்பினாள். "தேதியோட சொல்றேன், எழுதிக்கணும்னா எழுதிக்குங்க," என்று அந்த அம்மாளிடம் சொல்லி, தேதியையும் சொன்னேன்.

இளைஞர் குழந்தையை என்னிடம் தூக்கிக் கொடுத்தார். தாள் பெஞ்சிலேயே கிடந்தது. அவர் குழந்தை பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதுவதில்லை. அவர் எழுந்து நின்று, உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று சிஸ்டரிடம் கேட்டது வரை பார்த்தேன்.

"செருப்ப இங்கியே வுடு," என்று சிஸ்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "கைய முழங்கை வரிக்கும் கழுவு. போனதும் மொதல்ல பாதத்தப் பாரு."